ஆணியில் மாட்டிய பிரஷ்

செருப்பைக் கழற்றும்போதே பிரிஜெட்டின் கண்கள் அந்த வீட்டின் பிரஷ்ஷைத் தேட ஆரம்பித்துவிடும். ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான் வீடு. டி.வி. மேல் இல்லை. ஜன்னல் கம்பியில் இல்லை. சாமி படத்துக்குப் பின்னாலும் இல்லை. "பிரஷ் எங்க மா வெச்சிருக்கீங்க?" என்று கேட்பார். வீட்டுக்காரப் பெண் கீழே கையைக் காட்டுவாள். படி இறங்கி, துணி துவைக்கும் கல்லைத் தாண்டிப் போனால் நான்கு குடும்பத்துக்கும் பொதுவான பாத்ரூம். அதன் வென்டிலேட்டர் திட்டில், மூடி போன சோப்பு டப்பாவுக்குள் எல்லார் பிரஷ்ஷும் கிடக்கும். "அப்ப ராத்திரி சாப்ட்டதும் இங்க எறங்கி வர்றீங்களா?" அந்தப் பெண் சிரித்துவிடுவாள். யார் இறங்குவது? படியில் விளக்கு கிடையாது, கீழே எவனாவது பீடி பிடித்துக்கொண்டு நிற்பான். பிரிஜெட்டும் கூடவே சிரிப்பார். "பின்ன என்ன, உங்க மேல தப்பே இல்ல. இந்தப் படி மேலதான் தப்பு."

பல் தேய்க்கச் சொல்ல வந்த ஒருவர் படியைக் குற்றம் சொல்வதை, அவர் கூடப் போன அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் கேட்டேன். அதுவரை பல் சம்பந்தமாக என்னிடம் பேசிய எல்லாரும் என்னைத்தான் திட்டியிருந்தார்கள்.

பிரிஜெட்டுக்கு ஐம்பத்தொரு வயது. பெங்களூர் விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் வீடு. குள்ளம், கட்டையான உடம்பு, வேகமான நடை. ஈஜிபுராவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி நடத்தும் சின்ன கிளினிக்கில் இருபத்து மூன்று வருடமாக வேலை. அதில் முக்கால்வாசிக் காலம் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, நோயாளியின் வாயிலிருந்து எச்சிலை இழுக்கும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை அவர் மட்டமாக ஒரு நாளும் பேசியதில்லை. "டாக்டருங்க வாய்க்குள்ள பாப்பாங்க சார். நான் சும்மா மூஞ்சியப் பாத்துட்டு நிப்பேன். ஆறு மாசம் கழிச்சு அதே மூஞ்சி வரும். அதே ஈறு, அதே ரத்தம். டாக்டர் மறுபடியும் அதே பேச்சு பேசுவாரு, அவங்களும் அதே மாதிரி தலைய ஆட்டுவாங்க. எனக்கே அலுத்துப் போச்சு."

ரெண்டு வேளை பல் தேய்க்க வேண்டும் என்று ஊரில் யாருக்குத் தெரியாது? அவர் வீட்டுக்காரர் டிரேவருக்குத் தெரியாதா? டிரேவர் ஆட்டோ மெக்கானிக். நாள் முழுக்கக் கார்பரேட்டரைத் துடைத்துச் சுத்தம் செய்கிற மனிதர், ராத்திரி பல் தேய்க்கச் சொன்னால் மட்டும் காது கேட்காதவர் போல் இருந்துவிடுவாராம். பல்லுக்குப் பக்கத்திலேயே நின்று சம்பாதிக்கிற பெண்டாட்டிக்கு இது எவ்வளவு பெரிய மானக்கேடு. பிரிஜெட் சண்டை போட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். பிறகு ஒரு நாள் அவரையே கவனிக்க ஆரம்பித்தார். டிரேவர் எதை மறந்தாலும் ராத்திரி கேட்டைப் பூட்டுவதை மறக்க மாட்டார். பூட்டிவிட்டுச் சாவியைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டுவார். பிரிஜெட் அந்த ஆணியிலேயே அவருடைய பிரஷ்ஷை நூல் கட்டித் தொங்கவிட்டார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் டிரேவர் பிரஷ்ஷை நகர்த்திவிட்டுச் சாவியை மாட்டினார். இரண்டாம் நாள் "என்னாத்துக்கு இது இங்க தொங்குது" என்று முனகினார். நான்காம் நாள் முனகிக்கொண்டே தேய்த்தார். ஒன்பது வருடமாகிறது, இன்னும் தேய்க்கிறார். முனகல்தான் நின்றுவிட்டது.

பிரிஜெட்டின் மொத்த வித்தையும் அந்த ஆணியிலிருந்து கிளம்பியதுதான்.

அவரிடம் பிரசங்கம் கிடையாது. இலவச பேஸ்ட் கிடையாது. கிளினிக் சுவரில் கையில் ஈட்டியோடு ஒரு பல் கிருமி நிற்கிற போஸ்டர் இருந்தது. "கொழந்தைங்க அழுவுது, பெரியவங்க சிரிக்கிறாங்க, யாரும் தேய்க்கல" என்று அதைக் கழற்றிக்கொண்டு போய்த் தன் வீட்டு அரிசி டின்னுக்கு அடியில் விரித்துவிட்டார். கிளினிக் சார்பில் வீடு வீடாகப் போகத் தொடங்கிய பிறகு அவர் பையில் இருந்தவை ஒரு கைக்கண்ணாடி, கொஞ்சம் ஆணி, ஒரு சுத்தியல், ஒரு பாட்டில் கலர் மருந்து. அந்த மருந்தை வாயில் விட்டுக் கொப்பளித்தால், அழுக்கு ஒட்டியிருக்கிற இடம் மட்டும் ரோஸ் நிறத்தில் நிற்கும். கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டுப் பிரிஜெட் பேச்சை நிறுத்திக்கொள்வார். அந்த மௌனம் ரொம்ப நீளமானது, நான் அனுபவித்திருக்கிறேன். பார்க்கிறவர் தானே விரலை வைத்து, "இங்கதான் ஜாஸ்தி" என்று சொல்கிற வரைக்கும் அது நீடிக்கும்.

பிறகு ஒரு கேள்வி கேட்பார். "எது நடந்தாலும் நடக்காட்டியும், படுக்கறதுக்கு முன்னாடி நீங்க கட்டாயம் பண்ற காரியம் ஒண்ணு சொல்லுங்க." ஒருத்தி கேஸை மூடுவேன் என்பாள். ஒருத்தர் போனை சார்ஜில் போடுவேன் என்பார். மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பேன் என்று ஒருத்தி. அந்தக் காரியம் நடக்கிற இடத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பிரிஜெட் ஓர் ஆணி அடிப்பார். அடித்த பிறகு அவர்களே வாய்விட்டு ஒரு தடவை சொல்ல வேண்டும்: "கேஸ மூடுனதும் பிரஷ் எடுப்பேன்." இதற்கு வெட்கப்படுகிறவர்கள் உண்டு. பிரிஜெட் விட மாட்டார். "நான் சொன்னா அது என் வார்த்த. உங்க வாயால வந்தாதான் அது உங்களுது." அதோடும் விடுவதில்லை. ஊருக்குப் போனால் என்ன செய்வீர்கள், விருந்தாளி வந்து அடுப்படியில் படுத்தால் என்ன செய்வீர்கள், ஜுரம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்வார். கடைசியில், படி இறங்கும்போது, எல்லாரிடமும் சொல்கிற ஒரே சட்டம்: "ஒரு நாள் உட்டுப் போச்சா, பர்வாயில்ல. ரெண்டாவது நாள் உடாதீங்க."

எல்லாம் எடுத்த எடுப்பிலேயே சரியாக வந்துவிடவில்லை. அடுப்படி சிங்க்கிலேயே தேய்த்துத் துப்பிவிடுங்கள் என்றுதான் ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். தன் வீட்டில் அப்படித்தான் பழக்கம். பாதி வீடுகளில் பெண்கள் முகம் சுருங்கிவிட்டது. "அடுப்பாண்ட போய் எச்சி துப்பறதாக்கா?" என்று ஒருத்தி கேட்ட பிறகுதான் உறைத்தது. மறுவாரமே ஆணிகள் எல்லாம் வாசல் நிலைக்கு இடம் மாறின. அந்தக் கட்டடங்களில் மாடிக்கு மாடி நடை மூலையில் பாத்திரம் கழுவும் குழாய் ஒன்று இருந்தது, அங்கே துப்பலாம். புகையிலை விஷயத்தில் மட்டும் தன் பாச்சா பலிக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்வார். "அது வேற லெவல் சார். அதுக்கு நான் பத்த மாட்டேன்" என்று, மெல்லுகிறவர்களைக் கல்லூரியில் அதற்கென்று இருக்கும் டாக்டரிடம் கையோடு கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்.

நான் என் ஈறில் ரத்தம் வருவதை ஐந்து வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவன். பிரிஜெட் என்னிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டார். ராத்திரி கடைசியாக என்ன செய்வேன்? ஏதோ புத்தகம் படிப்பேன் என்று கௌரவமாக ஒரு பதில் சொன்னேன். என் மனைவி உள்ளேயிருந்து, "போனப் பாப்பாரு" என்றாள். சார்ஜர் பிளக்குக்குப் பக்கத்தில் என் பிரஷ் வந்து நின்றது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும், இரண்டு வருடமாக ரத்தம் இல்லை.

சரி, முப்பத்தெட்டு வீட்டுக் கதைக்கு வருகிறேன். பிரிஜெட் என்றால் யார் என்று எனக்குத் தெரிந்தது அதில்தான்.

ஈஜிபுராவில் ஒரே ஓனருடைய மூன்று கட்டடங்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. முப்பத்தெட்டு குடித்தனம், ஒரே போர்வெல். மாநகராட்சியில் துப்புரவு வேலை செய்கிறவர்கள், செக்யூரிட்டிக்குப் போகிறவர்கள், ஐ.டி. கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறவர்கள், எல்லாரும் தமிழ் ஆட்கள். 2023இல் கிளினிக்கின் தலைமை டாக்டர் ஸ்னேஹா, "அக்கா, உங்க ஆணி வைத்தியத்த மொத்தமா ஒரு எடத்துல பண்ணிப் பாக்கலாமா?" என்று கேட்டு அந்த மூன்று கட்டடங்களையும் அவரிடம் ஒப்படைத்தார். முப்பத்தெட்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் பழக்கம் கண்டுபிடிப்பது பெரிய வேலை. பிரிஜெட் சுலபமாக ஒன்றைக் கண்டுபிடித்தார். தினமும் ராத்திரி எட்டரை மணிக்கு ஓனர் மோட்டார் போடுவார். அந்தச் சத்தம் கேட்டால் மூன்று கட்டடமும் குடத்தோடும் பக்கெட்டோடும் நடைக்கு வந்துவிடும். எட்டரைக்குள் பெரும்பாலும் எல்லாரும் சாப்பிட்டும் முடித்திருப்பார்கள். மோட்டார் சத்தம் கேட்டதும் பிரஷ்ஷை எடு, அவ்வளவுதான் பாடம்.

பிரமாதமாக நடந்தது. குடம் நிரம்புகிற நேரத்தில் நடை நெடுக நுரை வாயோடு ஜனங்கள் நிற்பார்களாம், அப்படியே பக்கத்து வீட்டோடு பேச்சும் நடக்குமாம். ஆறு மாதத்தில் ஈறில் ரத்தம் வருகிறவர்கள் பாதிக்கும் கீழே குறைந்தார்கள். ஸ்னேஹா ஒரு கூட்டத்தில் இதைப் படம் போட்டுக் காட்டிக் கைதட்டல் வாங்கினார். அந்தப் படங்களில் ஒன்றில் பிரிஜெட்டின் பாதி முகம் தெரிகிறது.

2024 வெயில் காலம் வந்தது. பெங்களூரில் அந்த வருடம் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போர்வெல் வற்றிவிட்டது. டேங்கர் லாரி வந்த அன்றைக்கு, வந்த நேரத்துக்குத் தண்ணீர். மே மாதம் பிரிஜெட் வழக்கமான சோதனைக்குப் போனார். கலர் மருந்தைக் கொப்பளித்துவிட்டு வாயைத் திறந்தவர்கள் எல்லாருக்கும் ரோஸ் நிறம். ஈறைத் தொட்டால் ரத்தம். தண்ணீர் இல்லாத வீட்டில் பல் எப்படித் தேய்ப்பார்கள் என்று பிரிஜெட்டே அவர்களுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டார். இரண்டாவது மாடி வேதநாயகிதான் அந்தச் சமாதானத்தை உடைத்தவர். வேதநாயகி துப்புரவுப் பணியாளர், விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்பிவிடுகிறவர், சர்க்கரை நோயாளி. கீழ் வரிசையில் இரண்டு பல் ஆட்டம் கண்டு, பிடுங்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லி, பிரிஜெட்டின் பேச்சைக் கேட்ட பிறகு அதில் ஒரு பிடிப்பு வந்திருந்தது. "தண்ணிக்கு என்னாக்கா, ஒரு சொம்பு போதாதா பல்லு தேய்க்க? மோட்டாரு ஓடலியே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, காரணத்தைத்தான் சொன்னார்.

மோட்டார் சத்தம்தான் அவர்கள் கையைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தது. சத்தம் நின்றதும் கை நின்றுவிட்டது. மூன்று கட்டடத்திலும் ஒரே நாளில்.

பிரிஜெட் நேராகக் கிளினிக்குக்குப் போய் ஸ்னேஹாவிடம் சொன்னார்: "தப்பு அவங்களுது இல்ல டாக்டர், என்னுது. நான் சோம்பேறித்தனமா முப்பத்தெட்டு வீட்டையும் ஒரே ஸ்விட்ச்சுல மாட்டிட்டேன்." கைதட்டல் வாங்கிய ஒரு விஷயத்தில் தப்பு என்னுடையது என்று தானே போய்ச் சொல்கிறவர்களை நான் என் வேலையில் அதிகம் பார்த்ததில்லை. அடுத்த ஏழு மாதம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற நேரம் தவிர, அந்த மூன்று கட்டடத்திலேயே கிடந்தார். வீட்டுக்கு ஒரு கேள்வி, வீட்டுக்கு ஒரு பதில், வீட்டுக்கு ஓர் ஆணி. டிசம்பரில் ஈறுகள் மறுபடியும் தேறிவிட்டன.

அப்போதுதான் ஸ்னேஹா ஒரு கேள்வி கேட்டார். ஸ்னேஹா வயதில் சின்னவர், பிரிஜெட்மீது நிஜமான மரியாதை உள்ளவர். அதனால்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். "அக்கா, கோச்சிக்காதீங்க. மோட்டார் நின்னதும் எல்லாம் நின்னுடுச்சு இல்லியா. இப்ப வாரா வாரம் நீங்க போறீங்க. உங்க மூஞ்சியப் பாத்து தேய்க்கிறாங்க. நாளைக்கு நீங்க போகலன்னா? இப்ப நீங்கதானக்கா மோட்டாரு?"

பிரிஜெட் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. மறுநாள் வந்து தானே சொன்னார்: "ஒரு வருஷம் நான் அந்தப் பக்கமே போகல. போன் பண்ண மாட்டேன். யாரையும் அனுப்ப மாட்டேன். அப்புறம் பாக்கலாம்." கல்லூரியும் ஒப்புக்கொண்டது. வருடம் முடிந்து பார்க்கும்போது பாதி வீடுகளிலாவது பழக்கம் நிலைத்திருந்தால், பிரிஜெட் இன்னும் பத்துப் பெண்களுக்கு இந்த வேலையைக் கற்றுத் தருவார், தமிழ் ஜனம் நிறைய இருக்கிற ஸ்ரீராம்புரத்திலும் ஆரம்பிக்கலாம். நிலைக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் மூடிவிட்டு, பழையபடி வருடத்துக்கு ஒரு முகாம், ஒரு சொற்பொழிவு, ஆளுக்கு ஒரு பேஸ்ட். பிரிஜெட்டும் பழையபடி எச்சில் குழாய்க்கு.

போகாமல் இருப்பதில் என்ன கஷ்டம் என்று எனக்குத் தோன்றியது. கூட நடந்த அன்றைக்குப் புரிந்தது. பிரிஜெட்டின் வீட்டிலிருந்து கிளினிக்குக்குக் குறுக்கு வழியே அந்த மூன்று கட்டடத்துச் சந்துதான். ஒரு வருடம் முழுக்க அவர் பஸ் போகிற மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு, புழுதியில், கூடுதலாகக் கால் மணி நேரம் நடந்தார். சந்து முனையில் நல்ல மீன் விற்கிற ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், அவளிடம் மீன் வாங்குவதை விட்டுவிட்டார். "என் மூஞ்சியப் பாத்தாலே அவங்களுக்கு பிரஷ் ஞாபகம் வந்துரும் சார். அப்புறம் அது கணக்குல சேராது." அந்த ஒரு வருடம் டிரேவர் நல்ல மீனுக்காக ரொம்பவும் ஏங்கினார் என்று கேள்வி.

ஒரு வியாழக்கிழமை கோயிலில் மாட்டிக்கொண்டார். வியாழனன்று குழந்தை இயேசு கோயிலுக்கு எல்லா மதத்து ஜனமும் வரும். மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பினால் எதிரே வேதநாயகி. "என்னாக்கா, எட்டு மாசமாச்சு, எட்டிப் பாக்கல. எங்க மேல எதுனா கோவமா?" பிரிஜெட்டுக்குச் சொல்ல வாய் துடித்தது. விஷயத்தை விளக்கினால் அதுவே ஞாபகப்படுத்தியது போல் ஆகிவிடும். "வேல ஜாஸ்திம்மா" என்றார். வேதநாயகி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெரிய ஆளாயிட்டீங்க" என்று சொல்லிப் போய்விட்டார். அன்று பிரிஜெட் வீட்டுக்கு ஆட்டோவில் அழுதுகொண்டே வந்ததாக என்னிடம் சொன்னார். இரண்டு தெரு தூரத்துக்கு ஏன் ஆட்டோ என்று கேட்டேன். "ரோட்ல அழுதுட்டு நடக்க முடியுமா சார்?"

இந்த வருடம் பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை மதியம், சோதனைக்கு நாள் குறித்தார்கள். கல்லூரியிலிருந்து வீணா என்ற கடைசி வருட மாணவியும் அவள் தோழியும் வாய் பார்ப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது. பிரிஜெட் ஃபாரம் மட்டும் நிரப்பலாம், வாய் திறக்கக் கூடாது என்று நிபந்தனை. நான் இந்தப் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்று சொல்லி ஒட்டிக்கொண்டேன். சந்துக்குள் நுழையும்போது பிரிஜெட் எழுதும் அட்டையில் ஃபாரங்களைச் செருகிக்கொண்டார். முதல் வீட்டு வாசல் நிலையில் ஆணி இருந்தது. ஆணியில் பிரஷ் இருந்தது. பிரஷ்ஷின் முடி தேய்ந்திருந்தது. பிரிஜெட் அந்த முடியைத்தான் பார்த்தார். தேய்க்காதவன் பிரஷ் புதிதாகவே இருக்கும், அது அவர் கணக்கு.

இரண்டாவது வீட்டில் ஆணி இருந்தது, பிரஷ் இல்லை. அதில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. பிரிஜெட் அதையும் எழுதிக்கொண்டார்.

முப்பத்தெட்டில் ஒன்பது வீடு காலியாகிப் புதுக் குடித்தனம் வந்திருந்தது. மிச்சம் இருபத்தொன்பது. இரண்டு மணிக்கு ஆரம்பித்து ஆறு மணி வரை மூன்று கட்டடமும் ஏறி இறங்கினோம். வீணா வாயைப் பார்த்து எண்ணைச் சொல்லச் சொல்லப் பிரிஜெட் எழுதினார். பிளாஸ்டிக் பை வீடும் இன்னும் நான்கும் போக, இருபத்து நான்கு வீடுகளில் ஈறு சுத்தமாக இருந்தது. வீணா கூட்டிச் சொன்னபோது பிரிஜெட் நம்பவில்லை. "இல்லம்மா, முப்பதாம் நம்பர் வீட்ட இன்னொரு தரம் பாருங்க" என்றார். வீணா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அதேதான் ஆண்ட்டி, நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிரிஜெட் கைப்பிடிச் சுவர்மேல் அட்டையை வைத்து, தானே விரல் விட்டு இன்னொரு தடவை எண்ணினார். நானே ஜெயித்த மாதிரி இருந்தது, அதில் எனக்கு என்ன பங்கு என்று தெரியவில்லை. எங்கள் ஏரியா ஆள் என்கிற பெருமைதான். பெரிய பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள் செய்ய முடியாததை, எச்சில் குழாய் பிடித்த ஒரு கை சாதித்திருக்கிறது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

வேதநாயகி வீட்டில் மட்டும் வரவேற்பு சரியில்லை. வீணாவுக்கு வாயைத் திறந்து காட்டிய வேதநாயகி, பிரிஜெட் பக்கம் திரும்பவே இல்லை. எல்லா வீட்டு எண்ணும் எழுதி முடித்த பிறகு, திரும்பவும் அந்த வீட்டுக்கு வந்துதான் பிரிஜெட் வாயைத் திறந்தார். ஸ்னேஹா கேட்ட கேள்வி, ஒரு வருடக் கணக்கு, மெயின் ரோடு, எல்லாவற்றையும் சொன்னார். வேதநாயகி முழுசாகக் கேட்டார்.

"அதுக்கா மூஞ்சியத் திருப்பிக்கினு போனீங்க?"

"ஆமாம்மா."

"நாங்க என்ன பச்சக் கொழந்தயா, நீங்க வந்து நின்னாதான் தேய்க்க?" என்றவர், ஆள்காட்டி விரலால் கீழ் வரிசையில் அந்த இரண்டு பல்லையும் தட்டிக் காட்டினார். "ரெண்டும் இருக்குது, பாத்துக்கோங்க. போன மாசம் பேரனுக்கு மொட்ட போட திருவண்ணாமல போனோம், பஸ்ஸுல பையில பிரஷ்ஷு. மருமவ சிரிக்கிறா." பிறகு எங்கள் எல்லாருக்கும் டீ வந்தது. பிரிஜெட்டுக்கு மட்டும் சர்க்கரை கம்மியாகப் போட்டிருந்தார். கேட்டதற்கு, "பல்லுக்கு நல்லதில்ல" என்றார்.

புதுக் குடித்தனங்கள் கணக்கில் சேராது. இருந்தாலும் ஃபாரம் மிச்சமிருக்கிறதே என்று வீணா மேல் மாடிக் கடைசி வீட்டுக் கதவையும் தட்டினாள். வேதநாயகியும் எங்கள் பின்னாலேயே ஏறி வந்துவிட்டார். கதவைத் திறந்த பெண்ணின் பெயர் பிரபா. திருப்பத்தூர் பக்கம். புருஷனும் அவளும் கேன்டீன் வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பிரிஜெட்டை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வாசல் நிலையில் பழைய ஆணி, அதில் இரண்டு பிரஷ், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. வீணா அவள் வாயைப் பார்த்துவிட்டு நல்ல எண் ஒன்றைச் சொன்னாள். ஃபாரத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. இரவில் பல் தேய்க்க உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? டாக்டர், சுகாதாரப் பணியாளர், டி.வி., வேறு.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்று வீணா கேட்டாள்.

பிரபா யோசித்தாள். "யாரும் சொல்லலீங்களே. நாங்க குடி வரும்போதே ஆணி இருந்துச்சு. அக்கம்பக்கம் எல்லாரும் மாட்டியிருந்தாங்க, நாங்களும் மாட்டினோம். கேஸ மூடுனா தேய்ச்சிட்டுப் படுத்துக்குவோம். இந்த பில்டிங்ல அப்படித்தாங்க."

"ஏம்மா, யாரும் சொல்லலியா?" என்று வேதநாயகி முன்னால் வந்தார். "இந்தா நிக்கிறாங்க பாரு, இந்த அக்காதான்..."

பிரிஜெட்டின் இடது கை போய் வேதநாயகியின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தது. வளையல்கள் நொறுங்குகிற மாதிரியான பிடி. வேதநாயகி பேச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். பிடித்த கையை விடாமலே, அட்டையை வயிற்றில் சாய்த்துக்கொண்டு, 'வேறு' என்கிற இடத்துக்கு எதிரே பிரிஜெட் தன் உருண்டை எழுத்தில், நிதானமாக, 'யாரும் இல்லை' என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டார்.